வண்டி அன்றிரவு இருந்த இடம்

மேலாளர் அவர்களுக்கு,
உங்கள் ஆட்கள் இருவர்
புதுப்பட்டினத்தில் என் மாட்டுக்கொட்டகை வரை
டார்ச் அடித்துத் தேடிய அந்த இரவு
வண்டி எட்டுப் பாகம் தண்ணீருக்கு மேலே
சென்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது.

ஒளித்துவைத்தேன் என்று நோட்டீஸில் இருக்கிறது.
ஒளித்துவைக்கவில்லை.
கூட்டிப்போனேன்.

சாலையில்தான் போயிருப்பேன்.
காவிரி இந்தப் பக்கம் வந்து
எத்தனை பெயராக உடைகிறதோ அத்தனை பாலம்,
பாலத்துக்கு ஒரு டீக்கடை,
டீக்கடையில் உங்கள் பையன் ஒருவன்,
கையில் வண்டி எண்களின் பட்டியல்.
மண்ணியாற்றில் விட்டால் உப்பனாற்றில்,
உப்பனாற்றில் தப்பினால் மஞ்சளாற்றில்.
எல்லா ஆறும் போய்ச் சேருகிற இடத்தில் மட்டும்
பாலம் இல்லை.

தரங்கம்பாடியில் வேலை.
இரண்டு பெட்டி சங்கரா, ஒரு பெட்டி இறால்,
ஐஸ் உருகுமுன்
கும்பகோணம் மார்க்கெட்டில் இறக்கவேண்டும்.
வண்டி இருந்தால் அந்த வேலை,
வேலை இருந்தால் உங்கள் தவணை.
இதை உங்கள் அலுவலகத்தில் மூன்று முறை சொன்னேன்.
மூன்று முறையும் டோக்கன் கொடுத்தார்கள்.

ஃபைபர் போட் கலைவேந்தனுடையது.
பழையாறு துறையில் நாலு பேர் தூக்கி ஏற்றினோம்.
ஹேண்டிலுக்கு யூரியா சாக்கு,
சைலன்சர் வாயில் கந்தல் துணி,
முன் சக்கரத்துக்கும் சேஸுக்கும் வலைக்கயிறு.
முகப்பு விளக்கு அணியத்தைப் பார்க்க
நிமிர்த்தி நிறுத்தினான் பூராசாமி.
மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இருக்குடா என்றான்.
முகத்துவாரத்தில் முதல் அலை தூக்கிப் போட்டபிறகு
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் சீட்டைக் கட்டிப்பிடித்திருந்தேன்.
யார் யாரைப் பிடித்திருந்தோம்,
தெரியாது.

பூம்புகாருக்கு நேரே
டார்ச் வெளிச்சத்தில் கடல் பழுப்பாக இருந்தது.
ஆனியில் எங்கள் கடைமடைக்கு வராத தண்ணீர்
கார்த்திகையில் இங்கே வந்து
உப்பாகிக்கொண்டிருந்தது.
கீழே ஒரு ஊர் கிடக்கிறது என்பார்கள்.
கிடந்தால் அதிலும் ஒரு வட்டிக்கடை இருந்திருக்கும்,
பாக்கியை எழுதியபடியே முழுகியிருக்கும்.

அங்கேதான் போட் இன்ஜின் நின்றது.
வெள்ளத்தில் வந்த வெங்காயத்தாமரை
காற்றாடியில் சுற்றியிருந்தது.
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கலைவேந்தன் தண்ணீரில் இறங்கினான்.
டார்ச் பூராசாமி கையிலிருந்து வழுக்கி
அவனுக்கு முன்னால் போய்விட்டது.
தூறல். வாடைக்காற்று.
அப்போது வடக்கேயிருந்து விசைப்படகுச் சத்தம்,
நேரே எங்களைப் பார்த்து.
இழுவை போடுகிறவர்கள் பின்னால்தான் பார்ப்பார்கள்.

உதைத்தேன்.
உங்கள் வண்டியை, ஐயா,
கடல் நடுவில் உதைத்தேன்.
மூன்று உதை வீண்.
நாலாவதில்தான் சைலன்சர் துணி நினைவுக்கு வந்தது.
பிடுங்கி எறிந்து மறுபடி உதைக்க
அது கிளம்பியது,
பஸ் ஸ்டாண்டில் கிளம்புகிற அதே சாதாரணச் சத்தத்தோடு.
விளக்கு நீண்டுபோய் மழையைத் தொட்டது.
ஹாரனிலிருந்து விரலை எடுக்கவில்லை.
பதற்றத்தில் கியர் விழுந்து
பின் சக்கரம் காற்றில் ஓடியது, எங்கேயோ.

விசைப்படகு திரும்பிய அலையில்
போட்டில் பாதி நிறைந்தது.
வெளிச்சத்தில் அதன் பெயரில் மூன்று எழுத்து படித்தேன்,
மீதி இருட்டில் போயிற்று.
கலைவேந்தன் ஏறி வந்து
மட்கார்டில் நெற்றியை வைத்துக்கொண்டு
வெகுநேரம் இருமினான்.

ஏற்றும்போது மீட்டரில் 41,306.
தரங்கம்பாடி மணலில் இறக்கும்போதும் 41,306.
கடல் அதில் ஏறவில்லை.
உங்கள் கணக்கிலும் ஏறாது என்று நினைக்கிறேன்.

செயின் துருவேறிவிட்டது. ஹாரன் தொண்டை கட்டியிருக்கிறது.
டேங்க் மூடியைத் திறந்தால் இன்னும் மணல் உதிர்கிறது.
மதிப்பில் கழித்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஒரு தவணை இருக்கிறது.
நோட்டில் மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.
மீதியைத் தையில் நேரில் கட்டுகிறேன்.
பாலங்கள் வழியாகவே வருவேன்,
பையன்களிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
வீ. அமிர்தகடேசன்,
பாக்கி: இரண்டு தவணை.